பேஸ்மென்ற் கட்டுமுன் சுவரைத் தொட்டுப் பாருங்கள்

1997 நவம்பரில் கலியாணம் முடித்து ரொறன்ரோவுக்கு வந்த நான், முதல் நான்கு வருசமும் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்றில்தான் குடியிருந்தேன். அந்தக் காலத்தில் வந்த எங்கள் ஆக்களில் பலருக்குக் கனடா என்றால் முதலில் அதுதான். பக்கவாசலால் வந்து ஒன்பது படி இறங்க வேண்டும். படுக்கையறை யன்னல் கூரையோடு ஒட்டினாற்போல ஒரு சப்பாத்துப் பெட்டி அளவில் இருந்தது. எத்தனையோ தரம் பெயின்ற் அடித்ததில் சட்டத்தோடு ஒட்டிப்போய்த் திறக்கவே மாட்டாது. பனி மூடினால் பகலிலும் லைற் போட வேண்டும். கட்டிலுக்குக் கீழே ஒரு சூட்கேசில் என் கூறைச்சேலை இருந்தது. இரண்டாவது வருசம் அதை எடுத்து விரித்தபோது மடிப்பு மடிப்பாகச் சாம்பல் பூசினதுபோலப் பூஞ்சணம். எத்தனை தரம் வெயிலில் போட்டும் அந்த மணம் போகவில்லை.

ஒருநாள் இரவு மேல்வீட்டுக் குசினியில் எண்ணெய்ச் சட்டி பற்றிவிட்டது. புகை படியால் இறங்கி எங்கள் அறைக்கு வந்தது. வெளியே போகும் வழியும் அதே படிதான். இவர் வேலையில். நான் கட்டிலில் ஏறி நின்று அந்த யன்னலை இரண்டு கையாலும் இழுத்தேன், அசையவில்லை. மேலே இருந்தவர்கள் கெதியாக அணைத்துவிட்டதால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்காரர் நல்ல மனுசர், அடுத்த நாள் வந்து மன்னிப்பும் கேட்டார். ஆனால் யன்னல் அப்படியே இருந்தது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், பேஸ்மென்ற் கட்டப்போகிறோம் என்று யாராவது என்னிடம் கேட்டால் அந்த யன்னல்தான் முதலில் ஞாபகம் வரும். ரைல்ஸ், லைற், பார் கவுன்ரர் எல்லாம் அதற்குப் பிறகு.

நாங்கள் வீடு வாங்கியது 2011 இல். 1960களில் கட்டிய பங்களோ, ஸ்காபரோவில் இப்படி வரிசை வரிசையாக நிற்கும். கொங்கிறீற் புளொக் அடித்தளம், பக்கவாசல், கீழே ஏறத்தாழ 1,000 சதுர அடி. முந்தின சொந்தக்காரர் சுவரெல்லாம் மரப்பலகை அடித்து, நிலத்தில் கார்பெற் ஒட்டியிருந்தார். அதைக் கழற்றி வடிவாகச் செய்வோம் என்றவுடன் வீட்டில் ஆளுக்கொரு யோசனை. மகனுக்குப் பெரிய திரை வைத்துப் படம் பார்க்கும் அறை. மகளுக்கு நடனம் பழக இடம். இவருக்குச் சிநேகிதர்கள் வந்தால் இருந்து கதைக்கவும் கரம் விளையாடவும் ஒரு ஹோல். எனக்கு மீன் பொரிக்கவும் மிளகாய் வறுக்கவும் இரண்டாவது குசினி. அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில், "கீழை ஒரு ஆளுக்கு வாடகைக்குக் குடுங்கோ பிள்ளை, மோட்கேச்சுக்கு உதவும்" என்றார். எல்லாமே நல்ல யோசனைதான். ஒரு காகிதத்தில் பெட்டி பெட்டியாகக் கீறி எல்லாவற்றையும் அடக்கப் பார்த்தோம். அந்தச் சுவர் ஈரமா காய்ந்ததா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

2014 இல் வேலை தொடங்கினோம். வேலைக்கு வந்த தம்பி எங்கள் ஊர்ப்பக்கம், கெட்டிக்காரன், சுறுசுறுப்பு. "அக்கா, பெர்மிற் எண்டு போனால் மூண்டு மாதம் இழுபடும். இஞ்சை எல்லாரும் இப்பிடித்தான் செய்யினம்" என்றான். மாநகரசபையின் கட்டட அனுமதி இல்லாமலே செய்ய நாங்களும் தலையாட்டினோம். ஆறு கிழமையில் முடித்துத் தந்தான், 28,000 டொலர். பார்க்க அவ்வளவு வடிவு. மகன் புத்தகத் தட்டை வடக்குச் சுவரோடு வைத்தான். இரண்டாவது கோடையில் அந்தப் பக்கம் போனால் எனக்கு என் கூறைச்சேலையின் மணம் வந்தது. இவர் "உனக்குப் பிரமை" என்றார். மகனுக்கு இருமல் தொடங்கியது. ஒருநாள் தட்டை இழுத்துப் பார்த்தால், பின்னால் இருந்த பெயின்றில் நாணயக்குற்றி அளவில் கறுப்புப் புள்ளிகள்.

அந்தச் சனிக்கிழமை, சுவரை மூடி அடித்திருந்த டிறைவோல் என்ற ஜிப்சம் பலகையை நாங்களே கத்தியால் வெட்டித் திறந்தோம். உள்ளே பிளாஸ்ரிக் தாள். அதன் மறுபக்கத்தில் தண்ணித்துளிகள் முத்துமுத்தாக நின்றன. தாளைக் கிழித்து, குளிரை மறிக்க வைத்திருந்த மஞ்சள் பஞ்சைப் பிடுங்கினால், சுவரோடு தொட்டிருந்த பக்கம் நனைந்த பாணைப் போலக் கையோடு வந்தது. கீழ்ச்சட்டப் பலகையில் என் விரல் நகம் இறங்கியது. இரண்டு வருசப் பலகை!

ஏன் இப்படி என்பதைப் பிறகுதான் படித்து விளங்கிக்கொண்டேன். நிலத்துக்குள் இருக்கும் கொங்கிறீற் கோடையிலும் குளிர்ந்துதான் இருக்கும். வீட்டுக்குள் இருக்கும் சூடான ஈரக்காற்று ஏதாவது இடுக்கால் போய் அதைத் தொட்டால், குளிர்ந்த சோடாப் போத்தலின் வெளிப்பக்கம் வியர்க்கிறதே, அதேபோல அங்கே தண்ணி பிடிக்கும். போதாததற்குக் கொங்கிறீற் மண்ணிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சும். பஞ்சைக் கொங்கிறீற்றில் முட்டவிட்டு முன்னால் பிளாஸ்ரிக்கை இழுத்து மூடினால், உள்ளே போன ஈரம் திரும்பி வர வழியில்லை. பஞ்சும் பலகையும் அதில் ஊறிக்கொண்டே இருக்கும். அந்தத் தம்பி ஏமாற்றவில்லை, தனக்குப் பழக்கமானபடி செய்தான். பெர்மிற் எடுத்து, அதைப் பார்க்க மாநகரசபை இன்ஸ்பெக்டர் ஒருவரை வரவிடாதது எங்கள் பிழை.

ஆக, எல்லாவற்றையும் பிடுங்கிக் குப்பைத்தொட்டி வாடகைக்கு எடுத்துப் போட்டுவிட்டு, ஒரு வருசம் சுவரைச் சும்மா விட்டோம். பனி உருகும் மாதத்திலும் நல்ல மழையிலும் போய்த் தொட்டுப் பார்த்தேன். உங்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: பலகை வாங்கமுன் ஒரு மாரியும் ஒரு வசந்தமும் வெறும் சுவரைப் பாருங்கள். புளொக்கில் உப்புப்போல வெள்ளைத்தூள் பூத்திருந்தால், அங்கே தண்ணி வந்து காய்ந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். நிலத்தில் இரண்டடிச் சதுரப் பிளாஸ்ரிக்கை நாலு பக்கமும் ரேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். எடுத்துப் பார்க்கும்போது கீழ்ப்பக்கம் ஈரமானால் நிலம் மூச்சுவிடுகிறது. மேல்பக்கம் ஈரமானால் வீட்டுக் காற்றில்தான் ஈரம் அதிகம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

எங்கள் வீட்டில் பெரிய குற்றவாளி வெளியேதான் இருந்தது. கூரைத் தண்ணி இறங்கும் பைப் சுவரடியிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து மண்ணும் வருசக்கணக்கில் இறங்கி வீட்டை நோக்கிச் சரிந்து கிடந்தது. பைப்பை ஆறடி தள்ளி நீட்டினோம். களிமண் வாங்கி வந்து, வீட்டிலிருந்து வெளிப்பக்கம் சரிவாக இட்டு இறுக்கினோம். 200 டொலர்கூட முடியவில்லை. அந்த வடக்கு மூலை அதோடு பாதி காய்ந்துவிட்டது. நிலத்தைத் தோண்டி வெளிச்சுவருக்கு ரப்பர் பூசி, அத்திவாரத்தைச் சுற்றித் தண்ணியை வடிக்கும் அடிக்குழாயை மாற்றினால் பல ஆயிரம் போகும். சில வீடுகளுக்கு அதுவும் தேவைப்படும். ஆனால் பைப்பையும் மண்ணையும் சரிபார்க்காமல் அந்தச் செலவில் இறங்காதீர்கள்.

இன்னொரு தண்ணி இருக்கிறது, தெருக்கானிலிருந்து திரும்பி வரும் தண்ணி. 2013 யூலை 8 பின்னேரம் ரொறன்ரோ பியர்சன் விமானநிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பெய்தது. 1954 இல் ஹேசல் சூறாவளி அங்கே ஒரு நாளில் கொட்டியதைவிட அது அதிகம். எற்றோபிக்கோவில் இருக்கும் என் மச்சாள் வீட்டில் அன்று நிலத்துத் தண்ணிவாயால் கழிவுநீர் பொங்கி முழங்கால் அளவு நின்றது. பிள்ளைகளின் அல்பங்கள், தையல் மெசின், சாமிப்படங்கள் எல்லாம் போனது. நான் போய்க் கையுறை போட்டு அள்ளினேன். அதற்குப் பிறகு, வீட்டுக் கழிவுக்குழாயில் ஒருவழி வால்வ் பூட்டாமல் கீழே ஒரு கதிரைகூடப் போடக்கூடாது என்று முடிவெடுத்தேன். தெருக்கான் நிரம்பித் தண்ணி திரும்பி வந்தால் வால்வின் மூடி தானாக எழும்பி அடைத்துவிடும். அது மூடியிருக்கும் நேரம் மேலே குளிக்கவோ உடுப்புத் தோய்க்கவோ கூடாது, உங்கள் தண்ணியே உங்கள் வீட்டுக்குள் நிரம்பும். வால்வுக்கும் நிலத்தடித் தண்ணியை வெளியேற்றும் பம்புக்கும் ரொறன்ரோ மாநகரசபை மானியம் தருகிறது. வேலையைத் தொடங்கமுன் அதன் நிபந்தனைகளைப் பார்த்துவிடுங்கள். பம்ப் வைத்தால் பற்றரி ஒன்றும் கூட வையுங்கள், பெருமழையில்தான் கரண்டும் போகும். வீட்டுக் காப்புறுதியில் கழிவுநீர் திரும்புவதற்கான பாதுகாப்பு அநேகமாகத் தனியாகச் சேர்க்க வேண்டியது. மச்சாள் வீட்டில் அது சேர்த்திருக்கவில்லை.

2017 இல் இரண்டாவது தரம் தொடங்கினோம். இந்தமுறை வரைபடம் கீறி, பெர்மிற் எடுத்து. என் பயமெல்லாம் இன்ஸ்பெக்டர் வந்து குறை பிடிப்பார் என்பதுதான். வந்தவர் அமைதியான வயதான மனுசர். மரச்சட்டம் அடித்து முடித்து மூடமுன் ஒருமுறை, இன்சுலேசன் வைத்த பிறகு ஒருமுறை, குழாய் வேலைக்குத் தனியாக ஒருமுறை என்று ஒவ்வொரு கட்டத்திலும் பார்த்தார்கள். நாங்கள் கவனிக்காத இரண்டு விசயத்தை அவர் காட்டினார்: மின்பலகைக்கு முன்னால் ஒரு மீற்றர் இடம் விடாமல் அலுமாரி திட்டமிட்டிருந்தோம், மரச்சட்டத்துக்கும் கூரைக்கும் இடையே நெருப்பு ஏறாமல் அடைக்கவில்லை. கரண்ட் வேலைக்கு ஒன்ராறியோவில் லைசன்ஸ் உள்ள மின் ஒப்பந்தக்காரரைத்தான் பிடிக்க வேண்டும். அந்த வேலையை மின்பாதுகாப்பு அதிகாரசபையில் பதிவதும் அவர் பொறுப்பு, முடிந்ததும் அந்தப் பத்திரத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

சுவரை இப்படிச் செய்தோம். முதலில் புளொக்கோடு இரண்டு அங்குல விறைப்பான போம் பலகை, இடைவெளி இல்லாமல் ஒட்டி, பொருத்துக்கெல்லாம் ரேப். வீட்டுக் காற்று இனிக் கொங்கிறீற்றைத் தொட முடியாது. அதற்கு முன்னால் 2x4 மரச்சட்டம், 16 அங்குலத்துக்கு ஒன்று. கீழ்ச்சட்டம் மருந்தேற்றிய பலகை, அதற்கும் நிலத்துக்கும் இடையில் மெல்லிய போம் நாடா. சட்டங்களுக்கிடையில் கல்நார்ப் பஞ்சு என்று எங்கள் ஆக்கள் பிழையாகச் சொல்லும் கல்பஞ்சு. அது நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்ரஸ் இல்லை, உருக்கிய பாறையிலிருந்து எடுத்தது, நனைந்தாலும் உருக்குலையாது. பிளாஸ்ரிக் தாள் போடவில்லை. போம் பலகையே ஈரத்தை மறிக்கும் என்று வரைபடத்தில் காட்டினோம், ஏற்றுக்கொண்டார்கள். கூரையோடு சேரும் இடத்தில், வெளிப்பலகைக்கு உட்புறம், குளிர்காற்று நேரே வரும். அங்கே போம் துண்டுகளை வெட்டி வைத்து ஓரமெல்லாம் ஸ்பிறே போம் அடித்தோம். கைக்குப் பெரிய வேலை, ஆனால் மாரியில் கால் குளிர்வது அதோடு நின்றது. போம் எரியும் சாமான், அதை வெறுமையாக விடக்கூடாது, டிறைவோலால் மூட வேண்டும். டிறைவோலை நிலத்திலிருந்து அரை அங்குலம் உயர்த்தி அடியுங்கள். ஒரு வாளி தண்ணி கொட்டுப்பட்டாலும் அது உறிஞ்சாது.

ஹோல் பகுதியில் மிஞ்சியிருந்த பழைய கார்பெற்றைக் கழற்றியபோது ஒன்பது அங்குலச் சதுர ரைல்ஸ் வந்தது. பழைய வீடுகளில் அந்த அளவைக் கண்டால் கிண்ட வேண்டாம். அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். ஏற்கெனவே உடைந்திருந்த ஒரு சின்னத் துண்டைச் சோதனைக்கு அனுப்பினோம், இருந்தது. உடைக்காமல் அப்படியே விட்டு மேலே நிலம் போட்டுவிட்டோம்.

இப்போது யன்னல். படுக்கையறை கீழே இருந்தால், கருவி ஏதும் இல்லாமல் உள்ளிருந்து திறந்து ஆள் வெளியேறக்கூடிய யன்னல் வேண்டும் என்பது ஒன்ராறியோ கட்டடச் சட்டம். திறந்த இடைவெளி 0.35 சதுர மீற்றருக்குக் குறையக்கூடாது, எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. இரண்டடிக்கு இரண்டடி இடைவெளி என்று வைத்தால் சரியாக வரும். இதில் எல்லாரும் பிழைவிடும் இடம், யன்னலின் அளவை அளப்பது. பக்கவாட்டில் தள்ளும் யன்னல் நாலடி அகலம் என்றாலும் பாதிதான் திறக்கும், யன்னல் சட்டமும் கொஞ்சம் தின்னும். நாங்கள் கதவுபோல முழுவதும் திறக்கும் யன்னல் எடுத்தோம். இருந்த யன்னலின் அகலத்தைக் கூட்டாமல், கீழ்ப்பக்கமாக மட்டும் சுவரை வெட்டினோம். அகலத்தைக் கூட்டினால் மேலே பாரம் தாங்கும் உத்திரம் மாற்ற வேண்டும், பொறியியலாளரின் கணக்கு வேண்டும். ஆழத்தைக் கூட்டுவது அதைவிட லேசு.

வெட்டின நாள் நான் லீவு போட்டு நின்று பார்த்தேன். முதலில் தோண்டமுன் தரைக்குள் காஸ், கரண்ட் எங்கே போகிறது என்று இலவசமாகக் குறித்துத் தருவார்கள், அதற்கு அழைத்திருந்தோம். பிறகு வெளியே கிணறுபோல அரைவட்டமாகக் குழி எடுத்தார்கள். யன்னலுக்கு முன்னால் குறைந்தது 550 மில்லிமீற்றர் வெளி வேண்டும், குனிந்து ஆள் எழும்ப. அடியில் சல்லி போட்டு வீட்டின் அடிக்குழாயோடு தொடுத்தார்கள், மழைக்கு அது தொட்டியாகாமல் இருக்க. பெரிய வட்ட வாள் தண்ணி பீச்சிக்கொண்டு புளொக்கை அறுத்தது. சாம்பல் நிறச் சேறு சுவரால் வழிந்தது. மூன்றாவது பக்கம் அறுத்து முடிந்து, சம்மட்டியால் ஒரு தட்டு. புளொக் மூன்று சேர்ந்து வெளியே விழுந்தது, அந்தச் சதுரத்தால் பின்னேர வெயில் உள்ளே வந்து எதிர்ச்சுவரில் நின்றது. ஐம்பது வருசத்துக்கு மேல் அந்தச் சுவரில் வெயில் பட்டிருக்காது. யன்னல் பூட்டின அன்று இரவு பிள்ளைகள் இரண்டு பேரையும் இவரையும் உள்ளே நின்று திறந்து வெளியே ஏறச் சொன்னேன். நானும் ஏறினேன். 14 விநாடி.

குளியலறைக்கு நிலத்தை உடைக்க வேண்டி வந்தது. புதிய வீடுகள் பலவற்றில் குழாயை நிலத்துக்குள் விட்டிருப்பார்கள், முதலில் தேடிப் பாருங்கள், பெரிய செலவு மிச்சம். எங்களுக்கு இல்லை. கழிவுக்குழாய் ஓரடிக்குக் கால் அங்குலம் சரிய வேண்டும், அதனால் பிரதான குழாய்க்குக் கிட்டவே குளியலறையை வைத்தோம். ஆசைப்பட்ட மூலையில் வைத்திருந்தால் ஹோல் முழுவதையும் உடைத்திருக்க வேண்டும்.

மகளின் நடன நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், எங்கள் வீடுகளில் பலருக்கு உதவும். முதல் முறை செய்தபோது கொங்கிறீற்றுக்கு மேல் நேரே லமினேற் போட்டிருந்தோம். அரைமண்டியில் இருந்து தட்டித் தட்டி அவளுக்கு முழங்காலுக்குக் கீழே முன்எலும்பு நோகத் தொடங்கியது. ஆசிரியை வந்து பார்த்துவிட்டு, "இது கல்லு நிலம், இதிலை பழகவிடாதையுங்கோ" என்றார். இரண்டாவது முறை, நிலத்தில் குமிழ் குமிழாக இருக்கும் பிளாஸ்ரிக் விரிப்பு, அது ஈரத்தைக் கீழேயே மறிக்கும். அதன்மேல் ரப்பர் துண்டுகளில் தாங்கிய சட்டம், அதன்மேல் இரண்டு படை ஒட்டுப்பலகையைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துத் திருகினோம். மிதித்தால் மெல்லக் கொடுத்து வாங்கும். ஆனால் மூன்று அங்குல உயரம் போனது. எங்கள் வீட்டில் கூரையே ஏழடிதான். அவளை நிறுத்திக் கையை உயர்த்தச் சொல்லி, சூடான காற்றுப் போகும் டக்ட் ஓடாத இடமாகப் பார்த்து, கூரையை மரத்தோடு ஒட்டினாற்போல மூடி, பத்தடிக்குப் பன்னிரண்டடி மட்டும் அந்த நிலத்தைப் போட்டோம். மற்ற இடங்களில் மெல்லிய நிலம்தான். உயரத்துக்குக் கட்டடச் சட்டத்திலும் கணக்கு இருக்கிறது: டக்டுக்கும் பீமுக்கும் கீழே 1.95 மீற்றராவது வேண்டும். நிலத்தையும் கூரையையும் தனித்தனியாக யோசித்தால் இந்தக் கணக்குத்தான் முதலில் பிழைக்கும்.

இரண்டாவது குசினிக்குப் புகைபோக்கி வெளியே போகவேண்டும். காற்றைச் சல்லடையால் சுற்றித் திரும்ப அறைக்குள் விடும் வகை எங்கள் சமையலுக்குச் சரிவராது. தகரக் குழாய், வளைவு குறைவாக, நேரே சுவரால் வெளியே. முன்வாசல் படிக்குக் கீழே இருக்கும் குளிரறையைச் சூடாக்கிப் படுக்கையறையாக மாற்றின வீடுகள் பார்த்திருக்கிறேன், வேண்டாம். மேலே வெறும் கொங்கிறீற் பலகை, எப்போதும் வியர்க்கும். நான் அதை அப்படியே விட்டு, அரிசி மூட்டையும் வெங்காயமும் நிலத்தில் முட்டாமல் தட்டில் வைத்திருக்கிறேன். அதன் கதவை மட்டும் வெளிக்கதவுபோல இறுக்கமாக மாற்றினோம்.

பின்பக்கத்து ஒரு அறை, குசினி, குளியலறை மூன்றையும் சேர்த்து வாடகைக்கு விடுவதாகத்தான் பெர்மிற் எடுத்தோம். அதற்குக் கட்டுப்பாடு கூட: கூரைக்கு 5/8 அங்குல நெருப்புத்தாங்கும் டிறைவோல், தானாக மூடும் நெருப்புக் கதவு, மேலும் கீழும் ஒன்றோடொன்று இணைந்து ஒன்றாக அலறும் புகை எச்சரிக்கைக் கருவிகள். வீட்டைச் சூடாக்கும் பேர்னஸ் ஒன்றுதான் என்பதால் டக்டுக்குள்ளும் ஒரு புகை உணரி. கார்பன் மொனொக்சைட் கருவி படுக்கும் இடத்துக்குக் கிட்ட இருக்க வேண்டும், காஸ் பேர்னஸ் உள்ள வீடுகளுக்கு 2014 முதல் ஒன்ராறியோவில் அது கட்டாயம். கூரைக்குள் கல்பஞ்சு அடைத்ததில் மேல்வீட்டுக் காலடிச் சத்தமும் குறைந்தது, மகனின் மிருதங்கம் மட்டும் டக்ட் வழியாக இன்னும் கேட்கும். குழாய் அடைப்பு வால்வ், கழிவுக்குழாய் மூடி, அந்த ஒருவழி வால்வ், எல்லாவற்றுக்கும் முன்னால் திறக்கிற பலகை வைத்தோம். மூடமுன் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவோடு படம் எடுத்து வைத்தேன். பிறகு ஒரு திரை பூட்ட ஆணி அடித்தபோது அந்தப் படம் ஒரு தண்ணிக் குழாயைக் காப்பாற்றியது.

ரேடனைப் பற்றி எங்கள் ஆக்கள் அதிகம் கதைப்பதில்லை. மண்ணிலிருந்து வரும் கதிர்வீச்சுள்ள வாயு, நிறமும் மணமும் இல்லை, நிலத்து வெடிப்பால் ஏறிக் கீழ்த்தளத்தில் தங்கும். புகைத்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்கு அதுதான் காரணம். ஒரு கன மீற்றருக்கு 200 பெக்கரலுக்கு மேல் இருந்தால் குறைக்கச் சொல்கிறது ஹெல்த் கனடா. சின்ன டப்பா ஒன்றை மாரியில் மூன்று மாதம் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எங்கள் வீட்டில் குறைவாகத்தான் வந்தது. கூட வந்திருந்தால் நிலத்துக்குக் கீழிருந்து காற்றை இழுத்து வெளியே விடும் குழாயும் விசிறியும் போட வேண்டும், அதற்கு நிலம் போடமுன்தான் வசதி. ஆகவே சோதனையை முதலே செய்யுங்கள்.

இரண்டாவது தரம் 61,000 டொலர் போனது. மகன் கேட்ட திரையறைக்குக் காசும் இடமும் மிஞ்சவில்லை, ஹோலின் ஒரு சுவருக்கு வெள்ளை அடித்துப் புரொஜெக்டர் வைத்துக்கொண்டான். கரம் பலகையும் அங்கேதான். ஈரத்தை 50 சதவீதத்துக்குக் கீழே வைக்க ஒரு ஈரமகற்றி கோடை முழுவதும் ஓடும், அதன் தண்ணி நேரே கானுக்குப் போகும்படி குழாய் விட்டிருக்கிறேன். வாளியில் பிடித்தால் இரண்டு கிழமையில் ஊற்ற மறந்துவிடுவோம்.

இப்போது கீழே இருப்பது கல்லூரியில் படிக்க வந்த பிள்ளை, மட்டக்களப்பு. சாவி கொடுத்த அன்று குசினியைக் காட்டமுன் யன்னலைக் காட்டினேன். திறந்து வெளியே ஏறி வரச் சொன்னேன். "என்ன அன்ரி இது" என்று சிரித்துக்கொண்டு ஏறி வந்தாள், முழங்காலில் மண். இரண்டாம் தரமும் ஏறச் சொன்னேன், லைற்றை அணைத்துவிட்டு.

பனி கொட்டின காலைகளில் மகன் சவளோடு வெளியே போவான். காரும் பாதையும் பிறகு. முதலில் யன்னல் கிணற்றை அள்ள வேண்டும், அடியில் சல்லி தெரியுமட்டும். அதை நான் மேலே நின்று பார்ப்பேன்.